தோற்றுத் தோற்று வென்றவர்

அரசியல் தொண்டர் ஒருவரை அவர் வென்ற இருக்கைகளை எண்ணி அளப்பது வணிகர் வழக்கு. அவர் மக்களுக்கு ஊட்டிய நெஞ்சுரத்தைக் கொண்டு அளப்பதே இனநலம் நாடுவார் வழக்கு. இவ்வுண்மைக்கு வேல்சு நாட்டின் குவின்வோர் எவான்சினும் சிறந்த சான்று காண்டல் அரிது. பிளைடு கம்ரி எனும் சிறு கட்சிக்கு 1945 முதல் 1981 வரை 36 ஆண்டுகள் தலைமை தாங்கியவர் அவர். அத்தனை ஆண்டுகளிலும் அவர் இலண்டன் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த காலம் 9 ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. அவர் நின்ற தேர்தல்களில் வென்றவை இரண்டே, தோற்றவையோ பல. ஆயினும் அம்மக்களின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் அவரைத் தவிர்த்து எழுதுதல் இயலாது.

1912-இல் பேரி எனும் துறைமுக நகரில் கடைக்காரர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். வீட்டில் வழங்கிய மொழி ஆங்கிலமே. வேல்சு மொழியை அவர் வளர்ந்த பின்னரே முயன்று கற்றுத் தம்முடையதாக்கிக் கொண்டார். அபெரிசுட்வித்திலும் ஆக்சுபோர்டிலும் சட்டம் பயின்ற அவர்க்கு இலண்டனில் வளமான வாழ்வு காத்திருந்தது. அவரோ இலாங்கடோகு எனும் சிற்றூரில் தக்காளி பயிரிட்டு வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்தார். காந்தியடிகளின் அறப்போர் நெறி அவர் நெஞ்சில் ஆழ வேரூன்றியிருந்தது. 1949 முதல் 1974 வரை கார்மார்த்தன் மாவட்ட மன்றத்தில் உறுப்பினராக இருந்து, பெருங்கட்சியினரின் இகழ்ச்சிக்கிடையே மொழிக்காகவும் ஊர்நலத்துக்காகவும் உழைத்தார்.

வேல்சு மொழியின் வீழ்ச்சி இயல்பாய் நேர்ந்தது எனக் கூறுவார் உளர். அது பொய். 1536-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே வழக்குமன்ற மொழியாக்கியது. வேல்சு மொழி மட்டும் அறிந்தார்க்கு அரசுப் பதவி இல்லை என்றது. 1847-இல் ஆங்கில அரசின் கல்வி ஆய்வறிக்கை, அம்மொழியே மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் ஏது எனப் பழி சுமத்தியது. 1901-இல் மக்களுள் பாதிப்பேர் பேசிய மொழி 1961-இல் நூற்றுக்கு 26 பேர் மொழியாய்ச் சுருங்கியது. ஆற்று நீர் வற்றியது வெயிலால் அன்று. மேலே அணையிட்டுத் தடுத்ததால்.

அணை என்பது வெறும் உவமையும் அன்று. திரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் எனும் சிற்றூர் இருந்தது. அங்கு வாழ்ந்தோர் அனைவரும் வேல்சு மொழி பேசியவர். தன் நகர்க்கும் தொழிற்சாலைகட்கும் நீர் வேண்டிய இலிவர்ப்பூல் மாநகராட்சி, வேல்சு நாட்டு ஊராட்சி எதனையும் கேளாமல், இலண்டன் நாடாளுமன்றத்திலேயே சட்டம் இயற்றிக்கொள்ள முனைந்தது. 1956 நவம்பரில் குவின்வோர் அவ்வூர் மக்களை இலிவர்ப்பூல் தெருக்களில் அணிவகுத்து அழைத்துச் சென்றார். பயன் இல்லை. வேல்சு நாட்டு உறுப்பினர் 36 பேருள் ஒருவர்கூட ஆதரவாக ஒப்போலை அளிக்கவில்லை. எனினும் 1957-இல் சட்டம் நிறைவேறியது. பள்ளியும் வழிபாட்டு மனையும் அஞ்சல் நிலையமும் வீடுகளும் 1965-இல் நீருள் மூழ்கின.

இதில் பொதிந்த பாடம் கடுமையானது. ஒரு நாட்டின் உறுப்பினருள் ஒருவர்கூட ஆதரிக்காதபோதும் அந்நாட்டின் மண்ணை அயலார் எடுத்துக்கொள்ள இயலுமெனின், அங்கு நடப்பது மக்களாட்சி அன்று; எண்ணிக்கையின் ஆட்சி. பிறர் வீட்டில் சிறுபான்மையராய் அமர்ந்திருப்போர்க்கு ஒப்போலை உரிமை முறையிடும் உரிமையே அன்றி முடிவு செய்யும் உரிமை ஆகாது.

சினங்கொண்ட இளைஞர் சிலர் 1963-இல் அணைகட்டுமிடத்தில் வெடி வைத்தனர். குவின்வோர் மென்மையாளர், காலங்கடத்துபவர் என்று அவர் கட்சிக்குள்ளேயே பழித்தனர். அப்பழியைச் சுமந்துகொண்டே அவர் அறவழியில் நின்றார். அந்நிலைப்பாட்டின் விளைச்சல் விரைவில் வெளிப்பட்டது. 1966 மார்ச்சுத் தேர்தலில் கார்மார்த்தன் தொகுதியில் மூன்றாம் இடம் பெற்ற அவர், அதே ஆண்டு சூலை 14-இல் நடந்த இடைத்தேர்தலில் 16,179 ஒப்போலைகள் பெற்று, 2,436 மிகுதியில் வென்றார். அவர் கட்சிக்குக் கிட்டிய முதல் நாடாளுமன்ற இருக்கை அதுவே. தம் மொழியில் உறுதிமொழி ஏற்க அவர் இசைவு கேட்டார், மறுத்தனர். ஆயினும் அந்த ஓர் இருக்கை ஆளுங்கட்சியை உறக்கம் கெடச் செய்தது. 1967-இல் வேல்சு மொழிச் சட்டம் வந்தது. 1969-இல் அரசமைப்பை ஆராயக் குழு அமைந்தது.

பின்னர் மீண்டும் தோல்வி. 1970-இல் இருக்கையை இழந்தார். 1974 பிப்பிரவரியில் மூன்றே ஒப்போலைகளில் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் மீண்டார். 1979 மார்ச்சு 1-இல் வேல்சு பேரவைக்கான பொது ஒப்போலையில் ஐந்தில் நான்கு பங்கினர் தன்னாட்சியை வேண்டாவென்றனர். இரு திங்களில் குவின்வோரும் தொகுதியை இழந்தார். வாழ்நாள் உழைப்பனைத்தும் வீணாயிற்று எனப் பகைவர் நகைத்த நேரம் அது.

அந்நேரத்தில்தான் தாட்சர் அரசு, தேர்தலில் தான் உறுதி கூறிய வேல்சு மொழித் தொலைக்காட்சி அலைவரிசையைக் கைவிட்டது. எளிய மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரவர் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மறுத்தனர். 1980 மே திங்களில் 67 அகவையினரான குவின்வோர், அரசு சொல் காக்காவிடின் அக்டோபர்த் தொடக்கம் முதல் சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பதாக அறிவித்தார். ஊர்தோறும் கூட்டங்கள் திரண்டன. வேல்சு நாட்டுப் பெரியோர் மூவர் உள்துறை அமைச்சர் ஒயிட்லாவிடம் சென்று எச்சரித்தனர். செப்டம்பர் 17-இல் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1-இல் எசு4சி எனும் அலைவரிசை ஒலிக்கத் தொடங்கியது.

உயிரைக் காட்டி அரசைப் பணிய வைப்பது அச்சுறுத்தல் அன்றோ எனக் கேட்பாருளர். எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவே. மக்கள் மறுத்த ஒன்றை வலிந்து பெறத் தனியொருவர் பட்டினி கிடப்பாராயின் அது குற்றமே. குவின்வோர் கேட்டது புதிய சலுகை அன்று. அரசு தானே கொடுத்த உறுதிமொழியை. சொன்ன சொல்லை மீறியவர் ஆள்வோர். அச்சொல்லுக்காகத் தம் உயிரைப் பிணை வைத்தவர் அவர். அச்சுறுத்துவோன் பிறர் உயிரைக் கேட்பான். அறப்போராளி தன் உயிரைத் தருவான்.

அவர் விதைத்தவை பின்னர் முளைத்தன. 1997-இல் நூற்றுக்கு 50.3 என்னும் நூலிழை மிகுதியில் வேல்சு மக்கள் தன்னாட்சிப் பேரவையை ஏற்றனர். 1999-இல் அது கூடியது. 2011-இல் வேல்சு மொழி சட்டப்படி ஆட்சி நிலை பெற்றது. குவின்வோர் 2005 ஏப்பிரலில் 92-ஆம் அகவையில் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இலிவர்ப்பூல் மாநகர மன்றம் திரவெரின் கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டது. கேட்க வேண்டிய செவி ஆறு திங்கள் முன்னரே அடங்கிவிட்டது.

எனினும் மகிழ்ச்சியில் மயங்குதல் கூடாது. 2021 மக்கள்தொகைக் கணக்கு, வேல்சு மொழி அறிந்தோர் நூற்றுக்கு 17.8 பேர் என்கிறது. பேரவையும் சட்டமும் அலைவரிசையும் வந்த பின்னும் மொழி தேய்கிறது. இவை மொழிக்கு வேலியே அன்றி வேர் அல்ல. வேர் வீட்டில் இருக்கிறது. தாய் பிள்ளையோடு பேசும் பேச்சில், கடையிலும் களத்திலும் வழங்கும் சொல்லில் இருக்கிறது. வேலியைப் போராடிப் பெறலாம். வேரை ஒவ்வொருவரும் நாள்தோறும் நீரூற்றியே காத்தல் வேண்டும்.

ஆங்கிலம் பேசிய வீட்டில் பிறந்து, இழந்த மொழியைத் தேடிக் கற்று, அதற்கென உயிரையும் ஈயத் துணிந்த ஒருவரின் வாழ்வு இதனையே உரைக்கிறது. தாய்மொழி பிறப்பால் மட்டும் வருவதன்று. பேணுவோர்க்கே அது உரியது. தேர்தலில் தோற்ற இனம் மீண்டும் எழும். தன் நாவைத் தானே விற்ற இனம் எழுவதில்லை.