கல்லில் ஏறாத பெயர்கள்

உயிரினும் இனிய பொருள் உலகத்தில் வேறில்லை. அவ்வுயிரைப் பிறர்பொருட்டு விட்டவர்க்குக் கைம்மாறு செய்தல் எவர்க்கும் இயலாது. இயலாதெனினும், அவர் பெயரை மறவாது போற்றுதலும், அவரை இழந்து தவிக்கும் குடும்பத்தாரைத் தாங்குதலும் ஆகிய இரண்டு கடமைகள் உயிரோடிருக்கும் நமக்கு உண்டு. இவ்விரண்டையும் ஆண்டுக்கொருநாள் மலர்வளையம் ஒன்றோடு முடித்துவிடுதல் தகுமோ என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாம்.

சென்ற கோடை விடுமுறையில் என் தாயார் பிறந்த சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அவ்வூர்ச் சாவடிச் சுவரில் சிறு சலவைக்கல் ஒன்று பதிக்கப்பெற்றுள்ளது. 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த மகா யுத்தத்திற்கு அவ்வூரினின்று இத்தனைபேர் சென்றனர், அவருள் மூவர் உயிர் நீத்தனர் என்று மட்டும் அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கின்றது. இத்தகைய கற்கள் நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் உண்டு. யான் அதனைப் படித்து நிற்கையில், திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர், "தம்பி, அதில் எங்கள் பெரிய தாத்தா பேர் எந்த இடத்தில் இருக்கிறது? கொஞ்சம் தொட்டுக் காட்டு" என்றார். அவர் எழுத்தறியாதவர். தம் குலத்தான் பெயர் அக்கல்லில் உண்டென்றே வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தார். அதில் இருந்ததோ எண் மாத்திரமே. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெய் சொல்ல மனம் வரவில்லை. "மூன்று பேர் இறந்ததாக எழுதியிருக்கிறது, பாட்டி, அவர் பெயரென்ன?" என்று கேட்டு, அவர் சொல்லியதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் அக்கல்லைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீரனை எண்ணாகக் குறிக்கும் வழக்கம் நம் முன்னோர்க்கு உரியதன்று. போரில் மாய்ந்தவனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பிரித்துக் கூறுகின்றது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதலாக, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது ஈறாக அவை அமைந்துள்ளன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற நடுகல் ஒன்றில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பான் பெயர் பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பெற்றுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாகியும் அவன் பெயர் நமக்குத் தெரிகின்றது. அம்மட்டோ! போரில் இறந்தவன் குடும்பத்தார்க்கு இறையிலியாக நிலம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்க்கு என இரு கடமையும் அக்காலத்தே ஒருங்கு உணரப்பட்டமை காண்க.

இனிப் பிற்காலத்து நிகழ்ச்சியை நோக்குவோம். முதல் உலகப் போரில் கடல் கடந்து சென்ற இந்தியர் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர்; மீளாதவர் ஏறத்தாழ 74,000 பேர். இறந்தோரை நினைவுகூரும்பொருட்டு 1917-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் நிறுவிய போர்க் கல்லறைச் சபை, பதவியாலும் இனத்தாலும் மதத்தாலும் வேற்றுமை பாராட்டுவதில்லை என்ற உயர்ந்த கொள்கையை மேற்கொண்டது. பிரான்சு தேசத்து நவ் சப்பேலில் 1927-இல் எழுந்த நினைவிடத்தில், உடல் கிடைக்காத 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பெற்றன. ஆயின், 1929-இல் பாஸ்ராவில் திறக்கப்பெற்ற நினைவுச்சின்னத்திலோ இந்திய அதிகாரிகளின் பெயர்களே ஏறின. சாதாரணச் சிப்பாய்கள் 30,000-க்கு மேற்பட்டோர் படைவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். 2021-இல் அச்சபையாரே இத்தவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, மன்னிப்பும் வேண்டினர். 45,000 முதல் 54,000 பேர் வரை பிறரோடு ஒத்த மரியாதை பெறாதவர் என்றும், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகிய 1,16,000 பேரேனும் பெயரால் நினைவுகூரப்படாதவர் என்றும் அவ்வறிக்கை கூறும். நூறாண்டு கழித்தாயினும் தவற்றை ஒப்புக்கொண்டது நன்றே. எனினும், மகன் பெயரைக் கல்லில் காணாமலே மடிந்த தாய்மார்க்கு அது பயன்படுமோ?

நிற்க. அந்நிய அரசருக்காகச் சம்பளத்திற்குப் போர் புரிந்தவரை நாம் போற்றுதல் எற்றுக்கு என்பார் சிலர். அவர் கூற்றை எளிதில் தள்ளுதல் இயலாது. அப்போர் நம்மைக் கேட்டுத் தொடங்கியதன்று. வறுமையாற் படையிற் சேர்ந்தவர் மிகப் பலர். ஆயினும் இறந்தவரைப் போற்றுதல் வேறு, போரைப் போற்றுதல் வேறு. எந்தக் கொடியின் கீழ் மகன் இறந்தான் என்பதைக் கொண்டு தாயின் துயரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இன்னும் சொல்லப்புகின், போரில் இறந்த ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுப் படிப்போன் போரை எளிதில் விரும்பான். எண்ணைப் படிப்போனே, "இத்தனை பேர்தாமோ!" என்று கூறிக் கடந்து செல்வான்.

1947-க்குப் பின் நாட்டுக்காக உயிர்நீத்தவர் திறத்தில் பெயர்க்கடமை ஓரளவு நிறைவேறியது. 2019-இல் டில்லியில் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பெற்றன. குடும்பக் கடமையோ இன்னும் குறையாகவே நிற்கின்றது. உடல் ஊருக்கு வரும் நாளில் திரள்வோர் ஆயிரவர். அடுத்த ஆண்டு அவ்வில்லத்தின் கதவைத் தட்டுவோர் எத்துணையர்? இளம் வயதிற் கணவனை இழந்தாள் ஒருத்தி, கையில் காகிதக் கட்டோடும் இடுப்பிற் குழந்தையோடும் அலுவலகந்தோறும் ஏறி இறங்கும் நிலை இருக்குமாயின், நாம் முழக்கிய வாழ்த்தொலி அனைத்தும் வீண் ஆரவாரமே. ஓய்வூதியம் அரசாங்கம் தருவது. அதனைப் பெறும் வழி சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, உடன் செல்வதோ அண்டை அயலார் செய்யத்தக்கது.

மாணவ நண்பர்களே! 1949 முதல் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாக நம் நாட்டிற் கொண்டாடப்பட்டு வருகின்றது. அன்று உண்டியலிற் காசிட்டுச் சட்டையிற் கொடி குத்திக்கொள்ளுதல் நன்றே, அதனோடு அமையற்க. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும், தம்மூரிற் போருக்குச் சென்று மீளாதவர் யார் யார் என்று முதியோரை வினவி எழுதி வருக. முதியோர் மறைந்தால் அப்பெயர்களும் உடன் மறையும். அவ்வீடுகளில் எழுதுவார் இன்றி நிற்கும் மனுக்களை எழுதிக் கொடுத்து வருக. திரட்டிய பெயர்களை நம் கலாசாலைச் சஞ்சிகையில் ஆண்டுதோறும் ஒரு பக்கத்தில் வெளியிட ஆசிரியர்கள் இடமளிக்க வேண்டுகின்றேன். என் குறிப்பேட்டில் ஒரு பெயர் இருக்கின்றது. அச்சாவடிக் கல் கூறும் மூவருள் எஞ்சிய இருவர் பெயரையும் அறிந்துவர அடுத்த விடுமுறையில் மீண்டும் அங்குச் செல்வேன்.