காவிரியின் மகசீரும் திசை மாறிய மரபணு ஓட்டமும்

பெங்களூரு நகரம் அருந்தும் நீரின் ஆற்றுப்படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் ஒன்று உண்டு. அது காவிரியின் கூன்முதுகு மகசீர். ஐம்பது கிலோவுக்கும் மேல் வளரக்கூடியது. தூண்டில்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போற்றிவந்த இம்மீனின் அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது. பாம்பாற்று மாதிரிகளைக் கொண்டு முன்னரே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமதேவி என்னும் இனமே இது என்று உருவ அளவீடுகளும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் காட்டின. அதே ஆண்டில் ஐ.யூ.சி.என். செம்பட்டியல் அதை அழிவின் விளிம்பில் வைத்தது.

பெயர் தெரியும் முன்பே ‘பாதுகாப்பு’ தொடங்கிவிட்டது. 1970-களிலிருந்து, லோனாவாலா பண்ணையில் வளர்க்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. அவை கிருஷ்ணா படுகைக்கு உரியவை. நோக்கம் நல்லதே, ஆனால் ‘மகசீர்’ என்ற ஒற்றைச் சொல் இரு இனங்களின் வேறுபாட்டை மறைத்துவிட்டது. 1998 முதல் 2012 வரை காலிபோரே பகுதியில் பதிவான தூண்டில் கணக்குகளில் நீலத்துடுப்பு பெருகியது. கூன்முதுகின் இளமீன்கள் அருகின.

மறுபுறம், ஒரே இனத்தின் கிளைகள் அணைகளால் துண்டிக்கப்பட்டுள்ளன. பாம்பாற்றுக்கும் காவிரிக்கும் இடையே அமராவதி அணை. மாயாற்றுக்கும் காவிரிக்கும் இடையே பவானிசாகர். தலைமுறைக்கு ஓரிரு மீன்கள் இடம் மாறினாலே, தற்செயல் விலகலால் கூட்டங்கள் பிரிந்துபோவதை அது பெருமளவு தடுக்கும் என்கிறது மக்கள்தொகை மரபியல். அந்தச் சிறு ஓட்டத்தை அடைத்துவிட்டு, இயற்கை நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருந்த இரு படுகைகளுக்கு இடையே லாரியில் வழி திறந்திருக்கிறோம்.

மீன் குறைந்த ஆற்றில் எந்த மகசீரும் நன்றே என்பர் சிலர். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் வாதம் அது. கலப்பு நேர்ந்துள்ளதா என்பதை மைட்டோகாண்ட்ரியாவால் மட்டும் சொல்ல இயலாது. அது தாய்வழியை மட்டுமே காட்டும். கலப்பின மீனும் அதன் சோதனையில் தூய மீனாகவே தோன்றும். உட்கருவின் மரபணுத்தொகையைப் படித்தாக வேண்டும். அதற்கு மீனைக் கொல்லத் தேவையில்லை. துடுப்பின் சிறு துண்டு போதும்.

எனவே காவிரியில் நீலத்துடுப்பை விடுவது முற்றிலும் நிற்க வேண்டும். மாயாற்று மீன்களைக் கொண்டு இனப்பெருக்கம் செய்யும் திட்டம் எதுவாயினும், கிளைகளுக்கு இடையிலான விலகலை அளந்த பின்னரே தொடங்க வேண்டும். இந்திய அறிவியல் கழகமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் அமைந்துள்ள பெங்களூருவில் அதற்கான திறனுக்குக் குறைவில்லை. தான் குடிக்கும் ஆற்றுக்கு இந்நகரம் செலுத்த வேண்டிய கடன் அது.