பணிவு ஒரு பக்கத்துக்கு மட்டுமா?

பங்சாருக்கு ஒரு நாள் மாலை போய்ப் பாருங்கள். தெலாவித் தெருக்களில் உணவு விடுதிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அங்கே ரப்பர் மரங்கள் அப்படி நின்றன. புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியர் பெயர் சேர்ந்தே பங்சார் என்றாயிற்று என்பர். மரங்கள் போயின, உழைப்பு போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று நகரத்து விடுதிகளில் தட்டேந்துகிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள்.

விடுதி முதலாளிமாரின் ஓயாத முறையீடு, "ஆள் நிலைப்பதில்லை" என்பது. இதற்கு மருந்தாக உணர்ச்சி அறிவு என்ற பாடம் நடத்துகிறார்கள். 1995-ல் அமெரிக்கரான டானியல் கோல்மன் எழுதிய நூலால் உலகெங்கும் பரவிய சொல் இது. தன் மனத்தை அறிவது, கோபத்தை அடக்குவது, பிறர் மனமறிந்து நடப்பது என்பவை அதன் சாரம். நல்ல பாடந்தான். ஆனால் அதை யார் படிக்க வேண்டும்?

தட்டேந்தும் பெண்ணே படிக்க வேண்டுமாம்! வாடிக்கைக்காரர் ஏசினாலும் அவள் சிரிக்க வேண்டும். 1983-லேயே ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, அந்தச் சிரிப்பும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என்று எழுதினார். பால் வெட்டும் கைக்கு வலி உண்டென்றால், நாள் முழுதும் சிரிக்கும் முகத்துக்கும் வலி உண்டு.

அந்தச் சிரிப்புக்கு வாடிக்கைக்காரர் தனியே பணம் கட்டுகிறார். பல ஹோட்டல்களின் பில்லில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் இருக்கிறது. ஊழியருக்குச் சேர வேண்டிய அந்தப் பணத்தைக் கொண்டே குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள் சில முதலாளிகள். ஹோட்டல் தொழிலாளர் சங்கம் வழக்காடிற்று. அப்படி நிரப்புவது கூடாதென்று 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. கூலி முக்கியம், அதில் ஐயமில்லை.

ஆனால் கூலி மட்டுமே மனிதனைக் கட்டி வைக்குமா? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். சம்பள உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தனர் நம் முன்னோர். துரையையோ தோட்ட உத்தியோகஸ்தரையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். அந்தக் கோரிக்கையில் காசு இல்லை, மானம் இருந்தது. அரசு பட்டாளத்தை அனுப்பிற்று. தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பிறர் மனமறிதல் என்ற பாடத்தை அன்று படித்திருக்க வேண்டியவர் யார்? துரையா, தொழிலாளியா?

ஊழியர் பக்கம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பசித்து வந்தவரிடம் முகங்கடுப்பது தவறுதான். ஆனால் பத்துப் பேர் முன்னே மானேஜரிடம் வசை வாங்கியவள், அடுத்த மேசையில் எந்த மனத்தோடு சிரிப்பாள்? ஒரே மானேஜரின் கீழ் ஆள் ஓடிக்கொண்டே இருந்தால், குறை ஓடியவரிடமா, அங்கேயே உட்கார்ந்திருப்பவரிடமா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. பாடத்தை மானேஜர்களிடமிருந்து தொடங்குங்கள். விலகிப் போகிறவரிடம் காரணம் கேட்டு எழுதி வையுங்கள். ஏசும் வாடிக்கைக்காரரை விட்டு ஒதுங்க ஊழியருக்கு உரிமை கொடுங்கள். சேவைக் கட்டணக் கணக்கை ஒளிக்காமல் காட்டுங்கள்.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரட்டில் பெயர் கூப்பிடும் நம் குரலிலும் மரியாதை இருக்கட்டும். விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த உடனே சங்கத்திலும் சேருங்கள். தனியாளாய் விலகிப் போனால் மானேஜர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். சங்கமாய் நின்று கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.