ஆட்டோ பிட் போடுறதுக்கு முன்னாடி ஒரு காஸ்ட் ஷீட் போடுங்க



பழைய காசை ஆன்லைன் ஏலத்துல எடுக்குறவங்க அடிக்கடி சொல்றது: "ஆட்டோ பிட் போட்டேன், அது விலையை எங்கேயோ ஏத்தி விட்டுருச்சு." என் கருத்து நேர் எதிர். ஆட்டோ பிட் உங்க பணத்தைத் தின்னாது. அதுல யோசிக்காம நாம போடுற நம்பர்தான் தின்னும்.

முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். 1862-ம் வருஷ விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒண்ணு ஏலத்துக்கு வருது. ஆரம்ப விலை ரூ.2,000, ஒவ்வொரு படியும் ரூ.100-னு வச்சுக்கோங்க. நீங்க அதிகபட்சம் ரூ.5,000 போடுறீங்க. உடனே விலை 5,000 ஆகாது. போட்டியே இல்லைன்னா 2,000-லயே முடியும். இன்னொருத்தர் அதிகபட்சம் 3,400 போட்டா, சிஸ்டம் உங்களுக்காக 3,500 கேட்டுட்டு நின்னுக்கும். ஆக, நீங்க கட்டுறது உங்க நம்பர் இல்ல. அடுத்தவர் நம்பருக்கு ஒரு படி மேல, அவ்வளவுதான்.

இதே அடிப்படையில நடக்கிற ஏலங்களைப் பத்தி 1961-ல எழுதினவர் வில்லியம் விக்ரி. 1996-ல பொருளாதார நோபல் வாங்கினவர். அவர் காட்டினது சிம்பிள்: இரண்டாவது ஆளோட விலையைத்தான் கட்டப் போறோம்னா, நம்ம மனசுல இருக்கிற உண்மையான மதிப்பை அப்படியே போடுறதுதான் நல்லது.

நம்ம ஆளுங்க இங்கதான் சறுக்குறாங்க. "சும்மா 20,000 போட்டு வைப்போம், எப்படியும் கம்மியாத்தான் முடியும்"னு நினைக்கிறது. அதே நினைப்புல இன்னொருத்தர் 19,000 போட்டிருந்தா? ஒரே நொடியில விலை 19,000-ஐத் தாண்டிடும். ஜெயிச்சது நீங்கதான், ஆனா மாட்டினதும் நீங்கதான்.

திருப்பூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. பையர் டீ-ஷர்ட்டுக்கு ரேட் கேட்டா நூல், நிட்டிங், டையிங், தையல், செக்கிங், பேக்கிங்னு ஒவ்வொண்ணா எழுதி, "இதுக்குக் கீழ போனா ஆர்டரே வேண்டாம்"னு ஒரு கோடு போடுறோம்ல? காசுக்கும் அதே காஸ்ட் ஷீட்தான். என்ன, இங்க கோடு மேல இருக்கும்.

மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் மாதிரி ஏல நிறுவனங்கள்ல, ஏலம் முடியுற விலையோட கணக்கு முடியாது. பிரீமியம், ஜிஎஸ்டி, கூரியர் மேல வரும். எவ்வளவுன்னு ஒவ்வொரு ஏலத்தோட விதிமுறையிலயும் படிச்சுப் பாருங்க. உதாரணத்துக்கு பிரீமியமும் வரியும் சேர்ந்து 20%, கூரியர் ரூ.150. உங்களால மொத்தமா ரூ.6,150 தான் செலவு பண்ண முடியும்னா, 150-ஐக் கழிங்க. மீதி 6,000-ஐ 1.2-ஆல வகுங்க. வர்ற 5,000-தான் ஆட்டோ பிட்ல போட வேண்டிய நம்பர்.

சரி, மொத்த பட்ஜெட்டை எப்படி முடிவு பண்றது? அந்த ரூபாயோட எடை 11.66 கிராம், அதுல 91.7% வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் வெள்ளி. அன்னைக்கு வெள்ளி விலையால பெருக்கினா அடிமட்ட மதிப்பு கிடைக்கும். அதுக்கு மேல கொடுக்கிறது முழுக்க அந்தக் காசு எவ்வளவு அரிது, எந்த நிலையில இருக்குங்கிறதுக்காகத்தான். அதே வகை, அதே நிலையில உள்ள காசு சமீபத்துல நிஜமா வித்த விலையைப் பாருங்க. கேட்கிற விலையைப் பார்க்காதீங்க. வெளிநாட்டு டாலர் விலையை வச்சும் கணக்குப் போடாதீங்க. 1972-ம் வருஷ தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேலான காசை நாம வெளிநாட்டுக்கு அனுப்பி விக்க முடியாது. நாளைக்கு விக்கணும்னாலும் இந்தியாவுக்குள்ளதான்.

கடைசியா ஒண்ணு. "உங்களை விட அதிகமா ஒருவர் கேட்டுள்ளார்"னு மெசேஜ் வரும். "இன்னும் 100 ரூபாய்தானே"ன்னு கை துறுதுறுக்கும். ஏலச்சீட்டுல வீம்புக்குத் தள்ளிக் கேட்டு எடுத்தவங்களுக்கு அந்த நிமிஷம் நல்லாவே தெரியும். அப்போ போனைக் கவுத்து வைங்க. முந்தின நாள் நிதானமா பேப்பர்ல எழுதின நம்பரை, ஏலச் சூட்டுல இருக்கிற மூளை திருத்தக் கூடாது. காசு போச்சுன்னா போகட்டும். போனஸ் பணம் கையில இருக்கு. அடுத்த ஏலம் வரும்.