கன்றுக்குள் மறைந்திருக்கும் வைரஸ்

கேள்வி: பச்சைப்பசேலென்று இருந்த வாழைக் கன்றுகளைத்தான் நட்டேன். ஆனாலும் முடிக்கொத்து நோய் வந்துவிட்டது. முன்பே கண்டறிய முடியாதா?

பதில்: முடியும். இந்த வைரஸ் கன்றுக்குள் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். இலைத் துண்டில் வைரஸின் மரபணு இருந்தால், பி.சி.ஆர். சோதனை அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். ஒவ்வொரு கன்றையும் சோதிப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வைரஸ் சோதனைச் சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றுகளையே வாங்குங்கள். சான்றைக் கேட்டுப் பாருங்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விவரம் கேட்கலாம்.

நோய் கண்ட மரம் பிழைக்காது. நோயைப் பரப்பும் அசுவினிக்கு முதலில் மருந்தடித்து, பிறகு மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழியுங்கள். அதன் பக்கக் கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நடாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்.