‘பிறகு கூட்டலாம்’ எண்ட காலம் போயிட்டுது

பிள்ளை திரைப்படமோ வரைகலையோ படிக்கப் போகிறதென்றால் வீட்டில் முதல் எழும் பேச்சு, எந்த லப்டொப் வாங்குவது என்பதுதான். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துத் தொழில் செய்கிற எங்கட இளையவர்களுக்கும் இதே கேள்வி. கடையில் திரையின் பளபளப்பைக் காட்டுவார்கள், பாரம் குறைவு என்பார்கள். நாங்கள் கேட்க வேண்டியது வேறு. நினைவகம், அதாவது ராம், எவ்வளவு? அதைப் பிறகு கூட்டலாமா?

பலர் இதைச் சேமிப்பகத்தோடு போட்டுக் குழப்புகிறார்கள். 512 ஜிபி என்று பெட்டியில் இருப்பது சேமிப்பகம். அது அரிசி மூட்டை அடுக்குகிற அறை. ராம் என்பது அடுப்படியில் மரக்கறி வெட்டுகிற மேசை. அறை எவ்வளவு பெரிதானாலும் மேசை சின்னதென்றால் நூறு பேருக்குச் சமைக்க ஏலாது. ராம் நிரம்பினால் கணினி சேமிப்பகத்தை இரவல் மேசையாகப் பாவிக்கும். அப்போதுதான் படம் விட்டு விட்டு ஓடும்.

முந்தி இன்னொரு ராம் துண்டை வாங்கிச் செருகினால் காரியம் முடிந்தது. இப்போது மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் ராமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அப்பிளின் எம் வரிசைக் கணினிகளில் அது செயலியோடு ஒன்றாகவே வருகிறது. வாங்கின அன்று இருப்பதுதான் கடைசி வரைக்கும்.

அப்படியானால் எவ்வளவு வேணும்? 2024 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனமே மக்புக் எயாரின் ஆரம்ப அளவை 8 ஜிபியில் இருந்து 16 ஆக்கியது. அடோபியின் பிரீமியர் மென்பொருள் எச்டி வீடியோவுக்கு 16, 4கே வீடியோவுக்கு 32 என்று பரிந்துரைக்கிறது. படம் திருத்த, அழைப்பிதழ் வடிவமைக்க, பாட்டு ஒலிப்பதிவு செய்யப் பெரும்பாலும் 16 காணும். 4கே வீடியோவே தொழிலென்றால் 32. பெரிய முப்பரிமாண வேலை செய்கிறவர் மட்டும் 64 ஐ யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசில் ஒரு வெளி ட்ரைவ் வாங்கி, எடுத்த படங்களுக்குப் பிரதி வைப்பது புத்தி.

சந்தேகமென்றால் இப்போதுள்ள கணினியையே கேளுங்கள். பாரமான வேலை ஓடும்போது விண்டோஸில் டாஸ்க் மனேஜரையும், மக்கில் அக்டிவிட்டி மொனிட்டரையும் திறந்து பாருங்கள். மக்கில் மெமரி பிரஷர் கோடு பச்சையாக நின்றால் கவலையில்லை. சிவப்பானால் மேசை காணாது.

2025 பிற்பகுதியில் ராம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பக்கம் உற்பத்தி திரும்பியதே காரணம். விலையைப் பார்த்துக் குறைந்த அளவில் கைவைக்கத் தோன்றும். கூட்ட முடியாத கணினியில் அந்தச் சிக்கனம், இரண்டு வருடத்தில் இன்னொரு கணினி வாங்கும் செலவாக முடியலாம்.

இந்தப் பாரத்தை வாங்குபவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. பிரான்சில் 2021 முதல் லப்டொப்களுக்குப் பழுதுபார்க்கும் தன்மைக்கான புள்ளியை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதேபோல ‘ராம் பிறகு கூட்ட முடியாது’ என்ற ஒரு வரியை விலைச் சீட்டிலேயே எல்லா நாட்டுக் கடைகளும் போடட்டும். அது வரும் வரை, காசு கட்ட முதல் அந்தக் கேள்வியை நாங்களே கேட்போம். ‘கூட்ட ஏலாது’ என்று பதில் வந்தால், இன்றைய வேலைக்கல்ல, இன்னும் நாலு வருடத்து வேலைக்குக் கணக்குப் பார்த்து வாங்குவோம்.