மரத்தடியும் ஓர் ஆலயமே

தேர்வுக் காலம் நெருங்கினால் வளாகத்தில் இரண்டு வகை இடங்களில் கூட்டம் பெருகும். ஒன்று நூலகம், மற்றொன்று அவரவர் வழிபாட்டுத் தலம். கிறிஸ்தவனான நானும் இதற்கு விதிவிலக்கல்லன். முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு முந்திய ஞாயிறன்று தேவாலயத்தில் நெடுநேரம் முழந்தாளிட்டேன். முடிவு வந்தது; ஒரு பாடத்தில் தோல்வி. அதன்பின் பல மாதங்கள் தேவாலயப் பக்கமே நான் போகவில்லை. கேட்டேன், கிடைக்கவில்லை, இனி எதற்கு ஜெபம் என்பதே அன்றைய என் கணக்கு. அப்போது முறிந்தது ஒரு வியாபார உடன்பாடுதான் என்பது இன்று புரிகிறது.

நம்மில் பலர் கடவுளை அற்புதங்களில் மட்டுமே தேடுகிறோம். நோய் தீர வேண்டும், புள்ளிகள் உயர வேண்டும், வேலை கிடைக்க வேண்டும். அவை நடக்காவிட்டால் கடவுளும் இல்லை. அன்றாட வாழ்விலும் இயற்கையிலும் இறைவனைக் காணப் பழகாதவனிடம் ஞாயிற்றுக்கிழமை நம்பிக்கை நெடுநாள் தங்காது என்பதே என் கருத்து.

இயேசுவின் போதனைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயலிலும் ஏரிக்கரையிலும் படகிலும் அமர்ந்து அவர் பேசியவை ஏராளம். எடுத்துக்கொண்ட உவமைகளும் அப்படித்தான்: விதைக்கிறவன், கடுகு விதை, மாவைப் புளிக்க வைக்கும் பெண், மீன் வலை, அற்ப விலைக்கு விற்கப்படும் குருவி. தொலைந்த ஒற்றைக் காசுக்காக விளக்கேற்றி வீடு முழுவதும் கூட்டித் தேடும் பெண்ணைக் காட்டித்தான், கடவுள் மனிதரைத் தேடுவதை அவர் விளக்கினார். துடைப்பம் பிடித்த கையில் இறைவனின் சாயலைக் கண்டவர் அவர்.

இதை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே என் பாட்டி வாழ்ந்து காட்டியிருந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை சீராக வளராது. பக்குவமாக வெட்டினால் பட்டை மீண்டும் வளர்ந்து, சில ஆண்டுகளில் அதே இடம் மறுபடியும் பால் தரும். ஒவ்வொரு நிரையிலும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிப்பாராம். “மரத்துக்கு நோகாம வெட்டணும்யா, கர்த்தர் பார்த்துக்கிட்டிருக்காரு” என்பார். கங்காணிக்குப் பயந்து வேலை செய்தவர்களும் அங்கே உண்டு. பாட்டிக்கோ அந்த வேலையே வழிபாடு.

தோல்வியுற்ற அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தது ஒரு மரம். விடுதிக்குச் செல்லும் சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரம். மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் மலாய் மொழியில் இதற்கு ‘ஐந்து மணி’ என்றே ஒரு பெயர் உண்டு. வானம் இருண்டாலும் இலைகள் குவியும். அப்போது மழைநீர் தடையின்றி இறங்கி அடியிலுள்ள புல்லை நனைக்கும். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பில் நீரழுத்தம் மாறுவதே இதற்குக் காரணம் என அறிவியல் விளக்குகிறது. அந்த விளக்கத்தை அறிந்த பிறகு என் வியப்பு கூடியதே தவிர, குறையவில்லை. வெயிலில் நிழலாக விரிவதும், மழையில் ஒதுங்கி வழிவிடுவதும் ஒரே மரம். நான் கேட்டதைத் தராத கடவுள் என்னை விட்டுப் போய்விட்டார் என்று அதன் அடியில் அமர்ந்துகொண்டு சொல்ல எனக்கு நா எழவில்லை.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். இயற்கையில் இறைவனைக் காணலாம் என்றால், 2004 டிசம்பர் 26 அன்று பொங்கிய கடலில் யாரைக் கண்டீர்கள்? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு யாத்திரை சென்றிருந்த எத்தனையோ பேரை அலை வாரிக்கொண்டது. நம் பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்கள் பறிபோயின. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை. கிறிஸ்தவம் இயற்கையைக் கடவுளாகக் கொள்வதில்லை; கடவுளின் படைப்பாகவே கொள்கிறது. அதன் நடுவில் நிற்பதோ சிலுவை. துன்பத்திற்கு விளக்கம் சொல்லிவிட்டு விலகாமல், அதைத் தம் உடலில் ஏற்றவரின் அடையாளம் அது. ஆகவே அன்று கடவுள் எங்கே என்று கேட்டால், அழுதவர்களோடு இருந்தார், சாதி சமயம் பாராமல் சடலங்களைத் தூக்கிய கைகளிலும் சோறு பொங்கிப் போட்ட கைகளிலும் இருந்தார் என்று மட்டுமே என்னால் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றியபோது, யூதேயா நாட்டையே நெல் விளையும் தமிழ் நிலம்போலப் பாடினார். நம்பிக்கை ஒரு மண்ணில் வேர்விட வேண்டுமானால் அந்த மண்ணின் செடி கொடிகளோடு உறவாட வேண்டும் என்பதை அந்த அயல்நாட்டார் அறிந்திருந்தார். நாமோ வியர்த்துக் கொட்டும் டிசம்பரில் பிளாஸ்டிக் மரத்தில் பஞ்சைப் பிய்த்துப் பனியாக ஒட்டுகிறோம்! அலங்காரம் இருக்கட்டும். ஆனால் பால்மரமும் செம்பனையும் மாலை மழையும் நமக்கு எதையும் சொல்லவில்லை என்றால், குறை அவற்றிடம் இல்லை.

நண்பர்களே, பேரவையில் பல சமயத்தவர் இருக்கிறோம். என் வழிக்கு உங்களை அழைக்க நான் இதை எழுதவில்லை. உங்கள் இறைவனையும் ஆலயத்துக்குள் மட்டும் பூட்டி வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் விடுதி மாடியை நாள்தோறும் கூட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஓராண்டுக்கு மேல், அவர் கூட்டிய ஈரத் தரையை மிதித்துக்கொண்டு தேவாலயத்துக்கு விரைந்திருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. காசைத் தேடிய பெண்ணின் உவமை நினைவுக்கு வந்த ஒரு காலையில்தான் நின்று வணக்கம் சொன்னேன். அவரும் தோட்டத்தில் பால் வெட்டியவராம். “சாப்பிட்டியாய்யா?” என்று கேட்டார். என் பாட்டியின் அதே குரல். அந்த ஞாயிறு நான் மீண்டும் தேவாலயம் சென்றேன். எதையும் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.